எண்ணெய்ப் பிசுக்கு எங்கே போகிறது?

சென்னையில் கூவம் ஆற்றை ஒட்டியுள்ள புதுப்பேட்டைக்குச் சென்றவர்கள் அங்குள்ள காட்சியை எளிதில் மறக்க மாட்டார்கள். பழைய கார்களும் ஸ்கூட்டர்களும் அக்கக்காகப் பிரிக்கப்பட்டுக் கடை வாயில்களில் குவிந்து கிடக்கும். கறுத்துப் போய்க் கடைக்குள் நுழைந்த ஓர் என்ஜின் மூடி, சில மணி நேரத்தில் வெள்ளி நிறப் பெயிண்டுடன் புதிதுபோல வெளிவரும். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளின் சந்துகளிலுள்ள மோட்டார் பட்டறைகளிலும் சிறிய அளவில் இதே வேலை நடைபெறுகிறது.

இந்த இரு நிலைகளுக்கும் இடையில் ஒரு வேலை இருக்கிறது. பெயிண்ட் அடிப்பவருக்குக் கிடைக்கும் பாராட்டு அந்த வேலையைச் செய்பவருக்குக் கிடைப்பதில்லை. பட்டறையில் புதிதாகச் சேர்ந்த சிறுவயதினரிடமே பெரும்பாலும் அது ஒப்படைக்கப்படும். ஒரு தட்டில் மண்ணெண்ணெயை ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, என்ஜின் உறுப்புகளின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுவதுதான் அது.

எளிதாகத் தோன்றும் இவ்வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. வேதியியலின் பல வெற்றிகளும் சில பெருந்தவறுகளும் அதில் அடங்கியுள்ளன. அந்த வரலாறு நெடுகிலும் ஒரு கேள்வி தொடர்ந்து வருகிறது. இரும்பை விட்டு நீங்கிய பிசுக்கும், அதை நீக்கிய திரவமும் பிறகு எங்கே போயின?

ஒரு மூலக்கூறு கனம்

பிசுக்கின் மேல் பெயிண்ட் ஏன் ஒட்டுவதில்லை என்பதை முதலில் பார்ப்போம். பெயிண்ட் ஒரு பொருளின்மேல் ஒட்ட வேண்டுமானால் அது முதலில் அப்பொருளின்மேல் நன்றாகப் பரவ வேண்டும். தூய உலோகப் பரப்பு தன்மேல் விழும் திரவத்தை இழுத்துப் பரவச் செய்யும். எண்ணெய்ப் படலம் மூடிய பரப்புக்கு அந்த ஆற்றல் குறைவு. தாமரை இலைத் தண்ணீர்போலப் பெயிண்ட் ஆங்காங்கே சுருங்கி, மீன் கண்களைப் போன்ற வட்டக் குழிகளை ஏற்படுத்திவிடும். அப்படி ஏற்படாவிட்டாலும், பெயிண்ட் பற்றியிருப்பது எண்ணெயைத்தானே தவிர இரும்பையன்று. என்ஜின் சூடேறும்போது அந்த எண்ணெய் இளகுகிறது. பெயிண்ட் உரிகிறது. உரிந்த இடத்தில் ஈரம் புகுந்து துரு பிடிக்கிறது.

இதற்கு எவ்வளவு எண்ணெய் வேண்டும்? இக்கேள்வியின் விடைக்கு வழிகாட்டியவர் ஒரு பெண்மணி. அவருக்கு ஆய்வுக்கூடம் கிடையாது. ஜெர்மனியைச் சேர்ந்த ஆக்னஸ் பாக்கெல்ஸ் பல்கலைக்கழகத்தில் பயிலும் வாய்ப்புப் பெறாதவர். தம் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவும் நீரின்மேல் எண்ணெய் படரும்போது நீரின் பரப்பு இழுவிசை மாறுவதைக் கவனித்து, தாமே ஒரு கருவியும் செய்து அதை அளந்தார். அவர் எழுதிய கடிதம் ராலே பிரபுவின் முயற்சியால் 1891-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியாயிற்று. இந்த வழியில் மேலே சென்ற அமெரிக்க அறிவியலார் இர்விங் லாங்மூர் 1932-இல் நோபல் பரிசு பெற்றார். கொழுப்புப் பொருள்கள் ஒரே ஒரு மூலக்கூறு கனமுள்ள படலமாகப் பரவக்கூடும் என்பது இவ்வாய்வுகளால் உறுதியாயிற்று. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 4 இலட்சத்தில் ஒரு பங்கு! உலோகத்தின் மேல் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாகத் திரள்வதற்கு இதுவே போதும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிவது பெயிண்டுக்குச் சுத்தமாக இருக்க வேண்டியதில்லை என்பதை இதிலிருந்து அறியலாம்.

வண்டிமையும் வெள்ளாவியும்

மோட்டார் வருவதற்கு முன்பே சென்னையில் வண்டிகளுக்கு வண்ணம் பூசும் தொழில் சிறந்திருந்தது. 1840-இல் தொடங்கப்பட்ட சிம்சன் நிறுவனம் மவுண்ட் ரோடில் குதிரை வண்டிகளைச் செய்து வந்தது. அங்கேதான் 1903-ஆம் ஆண்டில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் ஒரு காரை உருவாக்கினார். வண்டி கட்டும் கலையும் இயந்திரக் கலையும் சென்னையில் ஒரே கூரையின்கீழ் சந்தித்தன எனலாம்.

அக்காலத்து வண்டிகளின் பிசுக்கு வேறு வகையைச் சார்ந்தது. மாட்டு வண்டியின் அச்சுக்கு இடும் வண்டிமையை நம்மவர்கள் விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்துச் செய்தனர். மேல்நாடுகளில் மாட்டுக் கொழுப்பைப் பயன்படுத்தினர். இவை யாவும் உயிர்களிடமிருந்து கிடைத்த கொழுப்புகள். இத்தகைய கொழுப்பு காரத்துடன் சேர்ந்து சூடாகும்போது சோப்பாகவும் கிளிசரினாகவும் பிரிகிறது. இதன் வேதியியலைப் பிரெஞ்சு அறிவியலார் ஷெவ்ரூல் 1823-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். சோப்பு நீரில் கரையும். ஆகவே பிசுக்கும் தண்ணீரோடு போய்விடும்.

நம் நாட்டுச் சலவைத் தொழிலாளர்கள் இவ்வுண்மையைத் தொழில் முறையிலேயே அறிந்திருந்தனர். அவர்கள் பயன்படுத்திய உவர்மண்ணில் சலவைச் சோடா இயற்கையாகவே கலந்துள்ளது. உவர்மண் கரைசலில் துணியைத் தோய்த்து, கொதிக்கும் நீர்ப்பானையின்மேல் அடுக்கி, இரவு முழுவதும் ஆவியில் வேகவைப்பதே வெள்ளாவி. அடையாற்றுக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே வண்ணாந்துறை என்ற இடப்பெயர் இன்றும் வழங்கி வருகிறது. காரம், வெப்பம், தண்ணீர், போதிய நேரம் என்ற நான்கையும் ஒன்றுசேர்த்த முறை அது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு நூற்றாண்டுகளைச் சுற்றிவிட்டு நாம் மீண்டும் இங்கேதான் வரப் போகிறோம்.

மண்ணுக்கடியிலிருந்து வந்த எண்ணெய்

1859-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டிரேக் என்பவர் தோண்டிய எண்ணெய்க் கிணறு இத்துறையில் ஒரு திருப்பத்தை உண்டாக்கியது. நம் நாட்டில் அசாமின் டிக்பாயில் 1889-இல் எண்ணெய் கிடைத்தது. பர்மாவிலிருந்தும் எண்ணெய் கப்பலில் வந்து இறங்கிற்று. முதல் உலகப் போரின்போது, 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவில், எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு வீசியது. அப்போது பற்றியெரிந்தவை பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகளே. மண்ணெய் எந்த அளவுக்கு நகரின் வாழ்வில் புகுந்திருந்தது என்பதற்கு அந்தத் தீயே சான்று.

மோட்டார் என்ஜின்களுக்கு விளக்கெண்ணெயும் சில காலம் உதவியது. காஸ்ட்ரால் என்ற பெயரே விளக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததுதான். ஆயினும் மலிவு காரணமாகக் கனிம எண்ணெயே நிலைத்தது. இங்கேதான் சிக்கல் எழுந்தது. கனிம எண்ணெய் கொழுப்பன்று. அது வெறும் ஹைட்ரோகார்பன். எவ்வளவு காரம் சேர்த்துக் காய்ச்சினாலும் அது சோப்பாக மாறாது. வெள்ளாவி முறை தனியாக அதனிடம் பலிக்கவில்லை.

ஆனால் எண்ணெய் எண்ணெயில் கரையும். மண்ணெண்ணெயும் ஹைட்ரோகார்பன்தான், கிரீஸின் எண்ணெயைவிட மெல்லியது. எனவே கிரீஸ் அதில் எளிதில் கரைந்துவிடுகிறது. அரிக்கேன் விளக்குக்காக வாங்கிய மண்ணெண்ணெய் மெக்கானிக்கின் தட்டுக்கு வந்து சேர்ந்தது இவ்வாறுதான்.

எனினும் மண்ணெண்ணெய் வேலையைப் பாதியிலேயே விட்டுவிடுகிறது. அது மெதுவாகவே ஆவியாகும். ஆவியான பிறகும் ஒரு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு உலோகத்தின்மேல் தங்கிவிடும். துரு பிடிக்காமல் காப்பதற்கு இப்பூச்சு நல்லது, பெயிண்டுக்கு ஆகாது. பழைய ஆளிவிதை எண்ணெய்ப் பெயிண்டுகள் தாமே எண்ணெயாக இருந்ததால் சிறிதளவு பிசுக்கைப் பொறுத்துக்கொண்டன. 1920-களில் டியூக்கோ போன்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்கள் வந்தன. காய்வதற்கு வாரக்கணக்கில் காத்திருக்கும் நிலை மாறி, சில மணி நேரமே போதுமானதாயிற்று. விரைவாகக் காயும் இந்தப் பூச்சுகளோ பிசுக்கைச் சற்றும் பொறுக்கவில்லை. பெயிண்ட் முன்னேற முன்னேற, அதற்கு முந்தைய கழுவலும் முன்னேற வேண்டியதாயிற்று.

பெட்ரோலில் கை கழுவிய காலம்

மிச்சம் வைக்காமல் பறந்துவிடும் திரவம் எது? பெட்ரோல். அதில் நனைத்த துணியால் துடைத்தால் நொடிகளில் காய்ந்துவிடும். ஆகவே பட்டறைகள் பெட்ரோலை விரும்பி ஏற்றுக்கொண்டன. வேலை முடிந்ததும் கைகளைக் கழுவவும் அதையே பயன்படுத்தினர்.

முதல் ஆபத்து தீ. பெட்ரோலின் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது. அது தரையோடு தவழ்ந்து சென்று தொலைவிலுள்ள அடுப்பிலோ வெல்டிங் பொறியிலோ பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெய் இந்த வகையில் பாதுகாப்பானது என்று பலர் எண்ணுகின்றனர். நம் நாட்டுத் தரக்கட்டுப்பாட்டின்படி மண்ணெண்ணெயின் தீப்பற்று வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது. குளிர் நாட்டில் இது போதிய காப்புதான். ஆனால் சென்னையின் கத்திரி வெயிலில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம்; 2003 மே 31-ஆம் நாள் அது 45 டிகிரியைத் தொட்டது. அத்தகைய நாளில் தகரக் கூரையின்கீழ் உள்ள மண்ணெண்ணெய்த் தட்டு ஏறக்குறைய பெட்ரோலைப் போன்றே நடந்துகொள்ளும்.

இரண்டாவது ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. பெட்ரோலில் பென்சீன் கலந்துள்ளது. 1825-இல் ஃபாரடே பிரித்தெடுத்த இப்பொருள் கொழுப்பைக் கரைப்பதில் வல்லது. 1897-இல் ஸ்வீடன் நாட்டு மருத்துவ அறிஞர் சாண்டெசன், சைக்கிள் டயர்த் தொழிற்சாலையில் பென்சீனைக் கையாண்ட இளம் பெண்களின் இரத்தம் கெட்டுப்போனதையும், சிலர் இறந்ததையும் பதிவு செய்தார். எலும்புச் சோற்றில் இரத்த அணுக்கள் உருவாவதைப் பென்சீன் தடுக்கிறது. இரத்தப் புற்றுநோயையும் உண்டாக்குகிறது. இது பின்னர் ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்பட்டது. இந்தியாவில் பெட்ரோலின் பென்சீன் அளவைப் படிப்படியாகக் குறைத்து, 1 விழுக்காட்டுக்கு மிகக் கூடாது என்ற நிலைக்கு இப்போது வந்துள்ளோம்.

மூன்றாவது ஆபத்து ஈயம். என்ஜினில் ‘தட்டல்’ எழாதிருக்க டெட்ரா எதில் ஈயத்தைப் பெட்ரோலில் சேர்க்கும் வழக்கம் 1923-இல் அமெரிக்காவில் தொடங்கியது. மற்ற ஈயச் சேர்மங்களைப்போல் அல்லாமல் இது தோல் வழியாகவே உடலுக்குள் புகக்கூடியது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995-இல் ஈயமற்ற பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் ஒழிந்தது 2000-ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட பல பத்தாண்டுகளில் பெட்ரோலால் கை கழுவிய ஒவ்வொரு மெக்கானிக்கும் பிசுக்கை இரும்பிலிருந்து நீக்கினார். அதைக் கரைத்த திரவத்தில் ஒரு சிறு பங்கைத் தம் உடலில் ஏற்றுக்கொண்டார்.

தீப்பிடிக்காத திரவங்கள்

தீயைக் கண்டு அஞ்சிய தொழிற்சாலைகள் எரியாத கரைப்பான்களை நாடின. ஹைட்ரோகார்பனில் ஹைட்ரஜனுக்குப் பதிலாகக் குளோரினை ஏற்றினால் தீப்பற்றும் தன்மை குறைகிறது. கார்பன் டெட்ராகுளோரைடு அவ்வாறு கிடைத்ததே. தீயை அணைக்கவும் அதைப் பயன்படுத்தினர். ஆனால் அது கல்லீரலைக் கெடுத்தது. சூடான உலோகத்தின்மேல் பட்டால், போரில் நச்சுவாயுவாகப் பயன்பட்ட பாஸ்ஜீனையும் வெளியிட்டது.

அதன் இடத்தைப் பிடித்தது ட்ரைகுளோரோஎதிலீன். 1930-களிலிருந்து இதைக் கொண்டு நடந்த ‘ஆவிக் கழுவல்’ மிகவும் நயமான முறை. ஆழமான ஒரு தொட்டியின் அடியில் இத்திரவம் 87 டிகிரியில் கொதிக்கும். அதன் ஆவி காற்றைவிட நாலரை மடங்கு கனமானதால் மேலே பறக்காமல் தொட்டிக்குள்ளேயே நிற்கும். வாயருகே குளிர்நீர்க் குழாய்கள் அதைத் தடுத்து நிறுத்தும். அந்த ஆவிக்குள் ஒரு குளிர்ந்த உலோக உறுப்பை இறக்கினால், ஆவி அதன்மேல் திரவமாகப் படிந்து பிசுக்கைக் கரைத்துக்கொண்டு சொட்டும். பிசுக்கு அடியில் தங்கிவிடும். மேலெழுவது தூய ஆவி மட்டுமே. உறுப்பு சூடேறியதும் சொட்டுவது நின்றுவிடும். வெளியே எடுத்தால் உலர்ந்து, சுத்தமாக, பெயிண்டுக்கு அணியமாக இருக்கும். தண்ணீரும் வேண்டாம், துணியும் வேண்டாம்.

இத்தொட்டிகளின் அருகில் வேலை செய்தவர்களிடம் ஒரு விந்தையான அறிகுறி காணப்பட்டது. மாலையில் சிறிது மது அருந்தினாலும் அவர்கள் முகம் செக்கச் செவேலென்று சிவந்துவிடும். மருத்துவ நூல்களில் அதற்குத் தனிப் பெயரே உண்டு. மதுவையும் இக்கரைப்பானையும் உடல் ஒரே பாதையில் சிதைப்பதால் நேரும் நெருக்கடி அது. திரவம் உடலுக்குள் சென்றுவிட்டது என்பதற்கு முகமே சாட்சி சொல்லிற்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. குறிப்பாகச் சிறுநீரகமே பாதிக்கப்படுகிறது.

பழைய திரவத்தைத் தரையில் கொட்டியதால் நேர்ந்த கேடு இதைவிடப் பெரியது. அது தண்ணீரைவிடக் கனமானது. மண்ணில் இறங்கி, நிலத்தடி நீரின் அடியில் சென்று தங்கி, பல பத்தாண்டுகள் அங்கேயே இருக்கும். அமெரிக்காவின் கேம்ப் லெஜூன் மரைன் படை முகாமில் குடிநீரில் இது கலந்திருந்தது. அங்கு வாழ்ந்தவர்களை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஆய்வு, அவர்களுக்குப் பார்க்கின்சன் நோய் வரும் வாய்ப்பு 70 விழுக்காடு மிகுதி என்று காட்டியது. உலோகத்தைக் கழுவியவர்களுக்கு மட்டுமன்றி, கழுவாதவர்களின் குடிநீருக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டது.

வானத்துக்குச் சென்ற பிசுக்கு

தீயும் பிடிக்காது, நஞ்சும் மிகக் குறைவு என்ற இரு சிறப்புகளோடும் ஒரு திரவம் வந்தபோது சிக்கல் தீர்ந்தது என்றே அனைவரும் எண்ணினர். அது குளோரோஃபுளோரோகார்பன் குடும்பத்தைச் சேர்ந்த சி.எஃப்.சி.-113. இக்குடும்பத்தை 1928-இல் தொழிலுக்கு அறிமுகம் செய்த தாமஸ் மிட்க்லிதான் பெட்ரோலில் ஈயத்தைப் புகுத்தியவரும் என்பது வரலாற்றின் வேடிக்கை. நுண்ணிய உலோக உறுப்புகளையும் மின்னணுச் சுற்றுகளையும் கழுவ இது உலகெங்கும் பயன்பட்டது.

1974-இல் மொலினா, ரோலண்ட் என்ற இருவர் ஓர் எளிய கேள்வியை எழுப்பினர். எதனுடனும் வினைபுரியாத இப்பொருள் காற்றில் கலந்தபின் எங்கே போகிறது? நம் கட்டுரையின் கேள்வியும் இதுவே அல்லவா? அது மெல்ல மேலேறி, அங்கே புற ஊதாக் கதிரால் உடைந்து, குளோரினை வெளியிட்டு ஓசோனை அழிக்கிறது என்று அவர்கள் கூறினர். 1985-இல் அண்டார்க்டிகாவின்மேல் ஓசோன் படலம் மெலிந்திருப்பதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அறிவித்தனர். 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியல் உடன்பாடு கையெழுத்தாயிற்று. 1990-இல் கார்பன் டெட்ராகுளோரைடும், கழுவலில் பெரிதும் பயன்பட்ட மெதில் குளோரோஃபார்மும் அப்பட்டியலில் சேர்ந்தன.

இந்தியா 1992-இல் இவ்வுடன்பாட்டை ஏற்றது. நம் மேட்டூர் உட்பட நாட்டின் சில இடங்களில் தயாரிக்கப்பட்டு வந்த குளோரோஃபுளோரோகார்பன்கள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. 2010-ஆம் ஆண்டு தொடங்கியபோது அவற்றின் பொதுப் பயன்பாடு முடிவுக்கு வந்தது.

ஆனால் மாற்றுப் பொருள்களும் எப்போதும் நல்லவையாக அமையவில்லை. குளோரின் கரைப்பான்களைக் கைவிட்ட கலிஃபோர்னியா மாநிலத்தில் கார் மெக்கானிக்குகள் ஹெக்சேன் கலந்த பிரேக் துப்புரவுத் திரவத்துக்கு மாறினர். அவர்களில் சிலருக்குக் கை கால்கள் மரத்துப் போயின. ஹெக்சேன் நரம்புகளைத் தாக்குகிறது என்பது முன்பே தெரிந்திருந்தும், 1999, 2000-ஆம் ஆண்டுகளில் இந்நோய் அங்கே கண்டறியப்பட்டது. ஓர் ஓட்டையை அடைத்தபோது மற்றோர் ஓட்டை திறந்துகொண்டது.

மீண்டும் வெள்ளாவி

இனி வழி என்ன? வேதியியல் இதற்கு ஓர் அழகான விடையை வைத்திருந்தது. கனிம எண்ணெய் சோப்பாக மாறாது என்று கண்டோம். ஆனால் சோப்பைப் போன்ற மூலக்கூறு ஒன்று எண்ணெயைத் துளித்துளியாகப் பிரித்து நீரில் மிதக்க வைக்க முடியும். அந்த மூலக்கூறின் ஒரு முனை நீரை விரும்பும். மறு முனை எண்ணெயை விரும்பும். எண்ணெய் முனைகள் பிசுக்கைக் குத்திப் பிடிக்க, நீர் முனைகள் அதைச் சூழ்ந்து வெளியே இழுக்கின்றன. பிசுக்கு கரைவதில்லை, பால்மமாக மாறுகிறது. எண்ணெய்க் குளியலன்று தலையில் தேய்க்கும் சீயக்காயும் அரப்பும் செய்வதும் இதுவே.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் பரவிய செயற்கைச் சலவைத் தூள்கள் இவ்வேலையைக் கடினநீரிலும் செய்தன. நம் நாட்டில் சர்ஃப் 1959-இல் வந்தது. இத்தூள்களின் முக்கிய மூலப்பொருளான நேர்ச்சங்கிலி அல்கைல் பென்சீன் 1980-களிலிருந்து சென்னையை அடுத்த மணலியிலேயே தயாராகிறது. அது எதிலிருந்து செய்யப்படுகிறது தெரியுமா? மண்ணெண்ணெயிலிருந்தும் பென்சீனிலிருந்தும்! பட்டறைத் தட்டில் இருந்த அதே இரு பொருள்கள் ஆலையில் உருமாறி, தண்ணீரோடு உறவாடும் மூலக்கூறாகத் திரும்பி வருகின்றன.

இன்றைய பெரிய தொழிற்சாலைகளில் என்ஜின் உறுப்புகள் மூடிய பெட்டிகளுக்குள், காரமும் சலவைப் பொருளும் கலந்த வெந்நீர்த் தாரைகளால் கழுவப்படுகின்றன. காரம், வெப்பம், தண்ணீர், போதிய நேரம்: வெள்ளாவியின் நான்கு கூறுகளும் அப்படியே இருக்கின்றன. ஐந்தாவதாகச் சேர்ந்தது சலவை மூலக்கூறு மட்டுமே.

ஓர் எச்சரிக்கையும் தேவை. இரும்புக்கு ஏற்ற காஸ்டிக் சோடா அலுமினியத்துக்குப் பகை. அது அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும். ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் என்ஜின் உறைகள் பெரும்பாலும் அலுமினியமே. ஆகவே அவற்றுக்குக் காரம் குறைந்த, சிலிக்கேட் சேர்ந்த கழுவல் பொருள்களே ஏற்றவை.

சிறு பட்டறையிலும் இம்முறையை எளிதில் பின்பற்றலாம். முதலில் கெட்டிப் பிசுக்கை மரச் சீவலாலோ தகட்டாலோ சுரண்டி எடுக்க வேண்டும். எவ்வளவு சுரண்டுகிறோமோ அவ்வளவு திரவம் மிச்சம். பிறகு சலவைப் பொருள் கலந்த வெந்நீரில் ஊறவைத்துப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். நல்ல நீரில் இருமுறை அலசி, அழுத்தக் காற்றால் ஊதி, வெயிலில் உடனே உலர்த்த வேண்டும். தாமதித்தால் இரும்பில் செந்துரு பூக்கும். உப்புத்தாள் தேய்ப்பது இதற்குப் பிறகே. பிசுக்கு நீங்குமுன் தேய்த்தால், அதை உலோகத்தின் கீறல்களுக்குள் அழுத்திவிட்டவர்களாவோம்.

சுத்தமாயிற்றா என்று அறிவதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. உறுப்பைத் தண்ணீரில் முக்கித் தூக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். நீர் அரை நிமிட நேரம் உடையாத ஒரே படலமாக நின்றால் பரப்பு தூய்மையானது. முத்து முத்தாகப் பிரிந்தால் பிசுக்கு இன்னும் இருக்கிறது. பாக்கெல்ஸ் அம்மையார் சமையலறையில் கண்ட உண்மையே பட்டறையிலும் சோதனையாக உதவுகிறது. சோதித்தபின் வெறுங்கையால் தொடக் கூடாது. விரல் எண்ணெயும் எண்ணெயே.

கணக்கில் வராத மிச்சம்

தண்ணீர் முறையே எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று கூறுவதற்கில்லை. கழுவிய நீரில் எண்ணெயும், தேய்மானத்தால் சேர்ந்த உலோகத் துகள்களும் இருக்கின்றன. அதைச் சாக்கடையில் ஊற்றினால் கூவத்துக்கும் அடையாற்றுக்கும்தான் போகும். ஆனால் இங்கே ஒரு வசதி உண்டு. அந்நீரை ஒரு பீப்பாயில் அசையாமல் வைத்தால் எண்ணெயின் பெரும்பகுதி மேலே மிதக்கும். சேறு அடியில் படியும். மிதக்கும் எண்ணெயை எடுத்துக் கழிவெண்ணெய் சேகரிப்போரிடம் ஒப்படைக்கலாம். நடுவிலுள்ள நீரை மீண்டும் சூடாக்கிக் கழுவலாம். பிசுக்கு எங்கே இருக்கிறது என்பது நம் கண்முன்னே தெரிகிறது. காற்றில் பறந்த கரைப்பானுக்கு இந்தக் கணக்கை நாம் என்றுமே எழுத முடிந்ததில்லை.

சட்டமும் இதைத் தொடாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பென்சீன் நச்சையும் ஈய நச்சையும் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. ஆனால் மின்விசையைப் பயன்படுத்தி 10 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடங்களை மனத்தில் கொண்டே அச்சட்டம் இயற்றப்பட்டது. இரண்டு மூன்று பேர் உழைக்கும் சந்துப் பட்டறை அதன் பார்வைக்கு வெளியே நின்றது. கரைப்பானால் நோயுற்றவர் எங்கே வேலை செய்தார், எதில் கை நனைத்தார் என்பது ஒரு பதிவேட்டிலும் ஏறவில்லை.

இரும்பை விட்டு நீங்கிய பிசுக்கும் அதை நீக்கிய திரவமும் அழிந்துபோவதில்லை என்பதே இவ்வரலாறு கற்பிக்கும் பாடம். தோலுக்கும் நுரையீரலுக்கும் சென்றன. நிலத்தடி நீருக்குச் சென்றன. இறுதியில் வான்வெளி வரை சென்றன. ஒவ்வொரு முறையும் அவை நம் பார்வையிலிருந்து மேலும் சற்றுத் தொலைவுக்குப் போனதையே முன்னேற்றம் என்று கருதினோம். ஒரு கழுவல் முறை நல்லதா என்று அறிய, பெயிண்ட் எத்தனை ஆண்டு நிற்கிறது என்று பார்த்தால் மட்டும் போதாது. தட்டின் அருகே அமர்ந்து கழுவும் இளைஞரின் கைகள் அத்தனை ஆண்டுகளுக்குப் பின் எப்படி இருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு வாளி வெந்நீர், சிறிது சலவைத் தூள், ஒரு சோடி ரப்பர் கையுறை, எண்ணெய் தேங்க ஒரு பீப்பாய் ஆகியவை எந்தச் சிறு பட்டறைக்கும் எட்டாத பொருள்கள் அல்ல.